ஐந்து பதக்கம்... ஐந்தும் ஜூடோவில்! குட்டி நாடு கொசோவோ சாதித்தது எப்படி?

பாரிஸ் 2024 வரை ஒலிம்பிக்கில் கொசோவோ வாங்கிய பதக்கங்கள் மொத்தம் ஐந்து. ஐந்துமே ஜூடோவில் கிடைத்தவை. வென்றது நான்கு பெண்கள்!

ஐரோப்பாவின் பால்கன் பகுதியில், இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு கொசோவோ. போரில் நொறுங்கி, 2008-ல் செர்பியாவிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தது. அதை இன்றுவரை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை. இந்தச் சிக்கல் விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை.

கைநழுவிய கனவு

டிரிட்டன் குகா, யுகோஸ்லாவியா காலத்து ஜூடோ வீரர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் அவரது கனவு. நாடே சிதறிய குழப்பத்தில் அந்த வாய்ப்பு பறிபோனது. 1999-ல் போர் ஓய்ந்ததும், சொந்த ஊரான பேயாவில் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், எட்டு வயது மைலிண்டா கெல்மெண்டி.

கொடி எங்கே?

திறமை இருந்தது, சொந்தக் கொடியோடு இறங்கத்தான் வழியில்லை. 2012-ல் கொசோவோ ஜூடோ சம்மேளனத்தை சர்வதேச ஜூடோ சம்மேளனம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆனால், ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் அப்போது கிடைக்கவில்லை. அதனால், அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியா சார்பில் ஆடினார் கெல்மெண்டி. பதக்கம் இல்லை.

2013-ல் உலக சாம்பியன் ஆனார். 2014-ல் உலகப் போட்டி ரஷ்யாவில் நடந்தது. கொசோவோவை ரஷ்யா ஏற்காததால், சர்வதேச சம்மேளனத்தின் கொடியோடு களமிறங்கி மீண்டும் தங்கம் வென்றார்!

அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஒலிம்பிக் கமிட்டி கொசோவோவைச் சேர்த்துக்கொண்டது. 2016 ரியோ தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்தி நடந்தவர் கெல்மெண்டி. சில நாள்களில் 52 கிலோ பிரிவில் தங்கம். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுதான்.

ஜப்பான் மண்ணில்...

ஜூடோ பிறந்த ஜப்பானில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கெல்மெண்டி முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனால், அணி தோற்கவில்லை. 48 கிலோ இறுதிப் போட்டியில் ஜப்பான் வீராங்கனையையே வீழ்த்தித் தங்கம் வென்றார் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி. இரண்டே நாளில் 57 கிலோவில் நோரா ஜாகோவாவுக்கும் தங்கம். பாரிஸில் கிராஸ்னிச்சிக்கு வெள்ளி, லாரா ஃபஸ்லியுவுக்கு வெண்கலம்.

ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பியிருந்தால் ரியோவோடு கதை முடிந்திருக்கும். கெல்மெண்டி தங்கம் வென்றபோதே அவருக்குப் பின்னால் ஒரு வரிசை தயாராகிக்கொண்டிருந்தது. இந்தச் சின்ன சம்மேளனத்தின் பெரிய பலமே அதுதான்.

ஓய்வுபெற்ற கெல்மெண்டி, இப்போது அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியாளர். தன் ஆசான் தனக்குச் செய்ததை, அவர் இன்று தன் தங்கைகளுக்குச் செய்கிறார்!