பெரிய வீடும் ஒற்றைக் குளிர்சாதனமும்

சென்னையின் தென்பகுதியில், திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை கடற்கரையை ஒட்டி எழும்பிவரும் விசாலமான தனி வீடுகளில், அஸ்திவார வேலை முடிவதற்கு முன்னரே, வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே குளிர்சாதன ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை வீட்டுக்காரரின் மனத்தில் குடியேறிவிடுகிறது. அந்த ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அறைக்கொரு பெட்டியை மாட்டி, வெளிச்சுவரெங்கும் யூனிட்டுகளையும் தண்ணீர்க் குழாய்களையும் தொங்கவிட்டு, பார்த்துப் பார்த்துக் கட்டிய முகப்பை அவலட்சணமாக்கிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ளும் விஷயத்தில் நம்மவர்கள் காட்டுகிற அவசரம், வாசற்கதவுக்குத் தேக்கு மரம் பொறுக்கும்போது அவர்கள் காட்டுகிற நிதானத்தோடு சற்றும் ஒவ்வாததாக இருக்கிறது.

சாதாரணமாக நடப்பது இதுதான். ஏஸி கான்ட்ராக்டர் வருகிறார், பிளானை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "மொத்தம் எத்தனை ஸ்கொயர் ஃபீட் சார்?" என்று கேட்கிறார், மூவாயிரம் என்றதும், நூற்றைம்பது சதுர அடிக்கு ஒரு டன் என்று கைபேசியிலேயே வகுத்து, "இருபது டன் போட்டுடலாம் சார், அப்புறம் பத்தலைன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க" என்று முடித்துவிடுகிறார். 1 டன் என்பது, 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் கரைகையில் சுற்றுப்புறத்திலிருந்து கிரகித்துக்கொள்ளும் உஷ்ணத்தின் அளவு; மணிக்கு 12,000 பி.டி.யு. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் எழுப்பப்பட்டு, இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினாவில் நிற்கும் ஐஸ் ஹவுஸை ஒரு தரம் பார்த்துவிட்டு வருபவர்கள், ஒரு குடும்பத்தின் சௌகரியத்துக்காக நாள்தோறும் இருபது டன் பனிக்கட்டியைக் கரைப்பது எத்தகைய காரியம் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

மாடியில் மேற்குப் பார்த்து, மொட்டைமாடி வெயிலையெல்லாம் தலையில் தாங்கிக்கொண்டிருக்கும் படுக்கையறைக்கும், கீழ்த்தளத்தில் வேப்பமர நிழலில் வடக்குப் பார்த்திருக்கும் அதே அளவுள்ள அறைக்கும் வேண்டிய குளிர்ச்சி ஒன்றாகுமா? சதுர அடிக் கணக்கு ஒன்றென்றே சாதிக்கும். சுவரின் கனம், கண்ணாடியின் பரப்பு, ஜன்னல் நோக்கும் திசை, கூரையின் தன்மை, அறையில் புழங்கும் மனிதர் தொகை, உள்ளே நுழையும் வெளிக்காற்று ஆகிய அனைத்தையும் அறைவாரியாகக் கூட்டிப் பார்க்கும் ஹீட் லோட் கணக்கு என்று ஒன்று உண்டு. அதைப் போடத் தெரிந்த எஞ்சினியர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். கேட்பவர்கள்தாம் இல்லை.

சற்றுக் கூடுதலாகவே போட்டுவிட்டால் என்ன கெட்டுவிடும் என்பார்கள். பணம் போவது ஒருபுறமிருக்க, சௌகரியமே கெட்டுவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், கோடைக் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போன தொல்லையைத் தீர்ப்பதற்காகவே, வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினியர் இந்த யந்திரத்தை வகுத்தார். ஆகவே ஈரத்தை அடக்குவதே இதன் ஆதி உத்தியோகம். கடலோரச் சென்னைக்கும் அதுவே பிரதானம். அளவுக்கு மீறிய யந்திரமோ, அறையின் உஷ்ணத்தைச் சில நிமிஷங்களில் இறக்கிவிட்டு ஓய்ந்துபோகிறது. குளிர்ந்த காயிலின் மேல் காற்று நெடுநேரம் ஓடினால் அன்றோ அதிலுள்ள நீர் பிரிந்து சொட்டும்? ஐப்பசி மழைக்காலத்தில் அத்தகைய வீடொன்றில் படுத்துப் பார்த்தால் தெரியும்: அறை சில்லென்றிருக்கும், படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும், பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவையில் பூசண வாடை அடிக்கும். இன்வெர்ட்டர் கம்பிரஸர் தேவைக்கேற்பத் தன் வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும் என்று சமாதானம் சொல்வார்கள். வாஸ்தவந்தான், ஆனால் அப்படித் தாழ்வதற்கும் ஓர் எல்லை உண்டு.

வீட்டின் அமைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும் டபுள் ஹைட் ஹால், அதன் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி, நடுவே கதவில்லாத திறந்த மாடிப்படி என்று ஆசை ஆசையாகக் கட்டிவிட்டு, அதன்பின் ஏஸிக்காரரைக் கூப்பிட்டால் அவர் என்னதான் செய்வார்? குளிர்காற்று கனமானது, மாடியில் விட்டதெல்லாம் படி வழியே கீழே இறங்கிவிட, மேல் அறைகளில் வெப்பம் அப்படியே நிற்கும். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாமல், அதன்மேல் வெள்ளைப் பூச்சும் பூசி, மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்புறத்தில் நிழல் தரும் தடுப்பு ஒன்றையும் அமைத்துவிட்டால், வாங்க வேண்டிய டன் கணிசமாகக் குறையும். குறைத்துச் சொல்பவருக்கு லாபமும் குறையும் என்பதால் இதைக் கான்ட்ராக்டர் தாமாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி யந்திரத்துக்கு வருவோம். ஒரே பெரிய யந்திரத்திலிருந்து டக்ட் வழியாக எல்லா அறைகளுக்கும் காற்றை அனுப்பும் முறை அமெரிக்க வீடுகளில் சர்வசாதாரணம். அங்கே குளிர்காலத்தில் வெப்பக் காற்றை அனுப்புவதற்கும் அதே டக்ட் பயன்படுகிறது. நமக்கு அந்தத் தேவை இல்லை. இங்கே டக்ட் வந்தால், அது ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒன்றரை அடி உயரத்தை விழுங்கிக்கொள்ளும். இன்சுலேஷன் எங்கேனும் விலகினால் அந்த இடத்தில் நீர் கோத்து, சீலிங்கில் மஞ்சள் கறை படரும். எல்லா அறைகளின் காற்றும் ஒன்றாகத் திரும்பி வந்து கலப்பதால் சமையலறைத் தாளிப்பும் பூஜையறைச் சாம்பிராணியும் படுக்கையறை வரை பிரயாணம் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது டிகிரி வேண்டுமென்கிற பேரனும், இருபத்தேழிலேயே போர்வை தேடுகிற பாட்டியும் ஒரே தெர்மோஸ்டாட்டுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். டக்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் டேம்பர்கள் வைத்து அறைகளைப் பிரிக்கலாம். ஆனால் அவற்றை ஒழுங்காகப் பொருத்திச் சமன்படுத்தித் தரும் கைகள் அபூர்வம்.

ஜப்பானின் டைகின் கம்பெனி 1982-இல் கொண்டுவந்த முறை ஒன்று, வி.ஆர்.வி. என்றும் வி.ஆர்.எஃப். என்றும் இப்போது எங்கும் வழங்குகிறது. வெளியே ஒரு யூனிட், உள்ளே பல; இடையே காஸ் ஓடும் மெல்லிய காப்பர் பைப். ஒவ்வோர் அறைக்கும் தனி ரிமோட். பகலில் ஹாலில் கூடியிருப்பவர்கள் இரவில் தத்தம் அறைகளுக்குப் போய்விடுவதால், எல்லா அறைகளும் ஏககாலத்தில் முழுக் குளிர்ச்சி கேட்பதில்லை. ஆகையால் வெளி யூனிட்டின் சக்தியில் 130 சதவீதம் வரை உள் யூனிட்டுகளை இணைத்துக்கொள்ளப் பொதுவாக இடமுண்டு. மேலே சொன்ன இருபது டன் வீட்டிலும், எந்த நேரத்தில் எந்த அறை புழங்கும் என்று உட்கார்ந்து யோசித்தால், அதில் கணிசமான பகுதி அநாவசியம் என்பது வெளிப்படும். இதன் குறை யாதெனில், எங்கோ ஒரு பிரேஸிங் இணைப்பில் காஸ் கசிந்தாலும், வெளி யூனிட்டின் போர்டு போனாலும், சித்திரை வெயிலில் வீடு முழுவதும் ஒரே சமயத்தில் வெந்துபோகும். உப்புக்காற்று காயிலை அரிக்கும் கடற்கரைப் பகுதியில் இது வெறும் கற்பனைப் பயமல்ல.

ஆகவே என் அபிப்பிராயம் இது: நான்கு அறைகளுக்குள் ஏஸி போதுமென்றால், தனித்தனி இன்வெர்ட்டர் யூனிட்டுகளே உத்தமம்; அவற்றை மறைத்து வைக்க ஆர்க்கிடெக்ட் பிளானிலேயே இடம் விட வேண்டும். அதற்கு மேற்பட்ட வீட்டுக்கு வி.ஆர்.எஃப். போடலாம், ஆனால் ஒன்றாகப் போடாமல், மாடிக்கு ஒன்றும் கீழ்த்தளத்துக்கு ஒன்றுமாக இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். டக்ட் முறை பெரிய ஹாலோடு நிற்கட்டும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற நம் மின்கட்டண முறையில், 24 டிகிரியில் ஓட்டுவதும் சாதாரண லாபமல்ல. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்கிறது.

வீடு கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறைவாரியான ஹீட் லோட் கணக்கு, காப்பர் பைப்பின் கனம், நைட்ரஜன் நிரப்பிக் கசிவு பார்ப்பதாக உறுதி, தண்ணீர்க் குழாயின் சரிவு, காயிலுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு, ஐந்து வருஷப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவருக்கு, அவர் எத்தனை பெரிய கம்பெனியின் டீலராக இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.