கசிவை எந்தப் பக்கம் அடைப்பது?

ஹட் பேயில் என் மகன் வீடு சரிவான மனையில் இருக்கிறது. பின்பாதியில் மண்ணுக்குள் ஓர் அறை. (நம் பக்கத்தில் ‘பேஸ்மட்டம்’ என்பார்களே, அது தரைக்கு மேல் எழுப்பும் பீடம். நான் சொல்வது அதற்கும் கீழே.) கப்பல் தவறினால் ஆகட்டும் என்று அரிசி மூட்டைகளை அங்கேதான் அடுக்கி வைத்தோம். ஒரு மழையில் பாதி நனைந்தது.

ரயில்வேயில் கட்டுமானப் பிரிவில் காலம் தள்ளிய நானே மேஸ்திரியின் பேச்சுக்குத் தலையாட்டி, உட்புறம் வாட்டர் புரூஃப் பூச்சு பூசச் சொன்னேன். செலவு குறைவு, தோண்ட வேண்டாம். அடுத்த மழைக்காலத்தில் பூச்சு அப்பளம் போல் உப்பி உதிர்ந்தது.

காரணம் எளிது. சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். வெளிப்புறம் ஒட்டிய தார் ஷீட்டை அது சுவரோடு அமுக்கும். உள்பூச்சையோ பிடுங்கித் தள்ளும். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால், இந்தத் தீவுகளில் சுமார் 3,000. போதாக்குறைக்கு நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. விறைப்பான பூச்சில் விரிசல் விட அதிக நாள் ஆகாது.

அரிசி போனால் வாங்கிக்கொள்ளலாம். என் கவலை கம்பியைப் பற்றியது. உள்ளே பூசி மறைத்தால் அறை காய்ந்தது போல் தெரியும், சுவரின் வயிறு ஈரமாகவே இருக்கும். இங்கே பல வீடுகள் கடல் மணலில் கட்டியவை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே தூங்குவது நம் பேரப்பிள்ளைகள்.

ரயில்வே தாங்குசுவர்களில் வரிசையாக ஓட்டைகள் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை எதிர்ப்பதை விட வழிவிடுவது லாபம் என்பதால்தான் அவை. வீட்டுக்கும் அதே கணக்கு. முதலில் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டிய மண் வெளிப்பக்கம் சரியட்டும். பல கசிவுகள் இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் வெளியே அடிவரை தோண்டி, சுவரைக் கழுவிப் பூசி, தார் ஷீட் ஒட்டி, ஓட்டைக் குழாயும் ஜல்லியும் போட்டுத் தண்ணீரைச் சரிவுக்கு இறக்கி விடவேண்டும். ஒரே மூச்சில் நாலு பக்கமும் தோண்டாதீர்கள், சுவர் சாய்ந்துவிடும். துண்டு துண்டாகத் தோண்டுங்கள்.

பக்கத்து வீடு ஒட்டியிருந்து தோண்ட வழியில்லையா? அப்போது உட்புறம்தான் கதி. கான்கிரீட்டுக்குள் ஊடுருவிப் படியும் ரசாயனப் பூச்சு நுண்ணிய விரிசலுக்கு உதவும். பிளாக் சுவருக்கு அதை நம்பாதீர்கள். அங்கே உள்ளே கால்வாய் வெட்டிப் பம்பு வைப்பதே நேர்மையான வேலை. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் வரும் ஜனவரியில், மண் காய்ந்ததும், தோண்டப் போகிறோம். தார் ஷீட்டுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், அதுவும் கப்பலில்தானே வரவேண்டும்.