வகுப்பு வாசலில் ஒரு பெயர்

பள்ளி உளவியலாளரின் தொழில்நெறியில் முதலிடம் பெறும் மறைகாப்பு, அதாவது மாணவர் நம்பிச் சொன்னதைப் பிறர் அறியாமல் காக்கும் கடமை, ஆலோசகரும் மாணவரும் பள்ளிக்கு வெளியே ஒருவரையொருவர் அறியாத பெருநகரத்தை மனத்தில் வைத்தே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. பாம்பன் தீவின் தங்கச்சிமடம் போன்ற மீனவ ஊருக்கு அவ்விளக்கம் போதாது. 2014 அக்டோபர் 30 அன்று அவ்வூர் மீனவர் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோதும் (மறுமாதமே அவர்கள் விடுவிக்கப்பட்டனர்), 2017 மார்ச் 6 அன்று இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், துயரம் எந்த வீட்டில் என்பதை ஊரே அறிந்திருந்தது. அத்தகைய வீட்டுப் பிள்ளையிடம் எஞ்சியிருக்கும் அந்தரங்கம், நடந்ததை அது எவ்வாறு தாங்குகிறது என்பது ஒன்றே. அது இரவில் உறங்குவதில்லை, கடற்கரைப் பக்கம் போக மறுக்கிறது என்று ஆசிரியர் ஓய்வறையில் பரிவோடு பேசிக்கொள்வதும் நெறிமீறல்தான்.

இக்கடமைக்கு எதிர்த்திசையில் இழுக்கும் கடமை ஒன்றும் உண்டு. 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்னும் வாக்கு, இரக்கத்தால் கொடுக்கப்பட்டாலும், காப்பாற்ற இயலாத வாக்கு. மறைகாப்பின் எல்லையைப் பிள்ளை வாய்திறப்பதற்கு முன்பே, அதற்குப் புரியும் பேச்சில் சொல்லிவிட வேண்டும். சில பிள்ளைகள் அதைக் கேட்டதும் பேசாமல் எழுந்துபோகலாம். அந்த இழப்பு உண்மையானது, ஆயினும் நம்பவைத்துப் பின்னர் கைவிடுவது அதனினும் கொடியது.

வளரிளம்பருவக் காதல் இச்சட்டத்தில் சிக்குவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கில் கவலையோடு குறிப்பிட்டு, அவ்வழக்கையே ரத்து செய்தது. அந்த அதிகாரம் ஆலோசகருக்கு இல்லை.

ஆலோசனைப் பொறுப்பு பாடம் நடத்துபவர் தலையிலேயே விழும் பள்ளிகளில் மதிப்பெண் இடுபவரும் மனம் கேட்பவரும் ஒருவராகிவிடும் இரட்டை உறவு, இன்னொரு சிக்கல். அதைத் தீர்க்கத் தனி ஆலோசகர் பணியிடம் வேண்டும். ஆனால் பணியிடம் இருந்தாலும், அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று ஆலோசனைக்காக ஒரு பெயரை மட்டும் கூப்பிடும்போது, பேச்சு தொடங்கும் முன்பே பாதி மறைகாப்பு போய்விடுகிறது. வகுப்பிலுள்ள அனைவரையும் வருகைப்பதிவேட்டு வரிசையில் ஆலோசகர் தலா பத்து நிமிடம் சந்திக்கும் வழக்கத்தைப் பள்ளி ஏற்படுத்தினால், எவர் எதற்காகப் போனார் என்று மற்றவர் ஊகிக்க இடமிராது. இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது.