லைவ் தெரியுது... ரெக்கார்டு ஆகுதா?

வாசலில் கேமரா இருக்கிற தைரியத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறோம். மொபைலில் லைவ் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மெமரி கார்டு பழுதாகியிருந்தாலும் லைவ் தெரியும். திருட்டு நடந்து போலீஸ் கேட்கும்போது காட்டத்தான் எதுவும் இருக்காது. கிளம்பும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

1. பிளேபேக்: ஆப்பில் நேற்று இரவு 2 மணிப் பதிவை ஓட்டிப் பாருங்கள். வரவில்லையா? கார்டை ஃபார்மட் செய்யுங்கள். பழைய பதிவுகள் அழிந்துவிடும், கவனம். மறுபடியும் அதே பிரச்னை என்றால், 'ஹை எண்டூரன்ஸ்' ரக கார்டாகப் பார்த்து மாற்றுங்கள்.

2. எத்தனை நாள் தாங்கும்?: நொடிக்கு 2 மெகாபிட் அளவில் 24 மணி நேரமும் பதிவானால், ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி செலவாகும். 64 ஜிபி கார்டு மூன்றே நாளில் நிறைந்துவிடும். அதன்பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகும். பத்து நாள் பயணம் என்றால் 256 ஜிபி வேண்டும். உங்கள் கேமரா அதை ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால், ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி செட்டிங்கை மாற்றலாம்.

3. கரன்ட்: கேமரா, வைஃபை ரவுட்டர் இரண்டுக்கும் பேக்கப் இருக்கட்டும்.

4. வீடியோ டோர்பெல்: கார்டு பெல்லுக்குள்ளேயே இருந்தால், பெல்லைப் பிடுங்கினால் பதிவும் போச்சு. வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டிலோ, கிளவுடிலோ சேமிக்கும் மாடலே நல்லது.

திரும்பி வரும்போது பூட்டு உடைந்திருந்தால், எதையும் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். கையோடு ஆப்பில் அந்த நேரத்துப் பதிவை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். தாமதித்தால் அதுவும் அழிந்துவிடலாம்.