தவணைக் காடியும் தன்மானமும்

வேலை போய்விட்ட ஒருவனுக்கு நம்மவர் வழங்கும் புத்திமதிகளுள் முதலாவது, "எது போனாலும் போகட்டும், காடியை மாத்திரம் விட்டுவிடாதே" என்பதாம். வீட்டு வாடகை இரண்டு மாதம் நிற்கலாம். பிள்ளையின் டியூஷன் நிற்கலாம். மனைவியின் சங்கிலி அடகுக்கடை ஏறலாம். ஆனால் வாசலில் நிற்கும் தவணைக் காடி மட்டும் நின்றபடியே நிற்கவேண்டும். அது நகர்ந்தால் குடும்பத்தின் மானம் அதன் பின்னாலேயே நகர்ந்துவிடுமாம்! இவ்வளவு உருக்கமாகப் புத்தி சொல்பவர் ஒரு மாதத் தவணையாவது கட்டித் தருவாரோ என்று பார்த்தால், அப்பொழுது அவருக்கு வேறு அலுவல் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான மற்றொரு கூட்டமும் உண்டு. இவர்கள் மேடைக்காரர்கள். "கூலி வேலை செய்கிறவனுக்குக் காடி எதற்கு? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? பஸ்ஸில் போனால் ஆகாதா?" என்று கேட்பார்கள். கூட்டம் முடிந்ததும் தத்தம் காடிகளில் ஏறிப் போவார்கள்.

இவ்விரு சாராரையும் மறுத்து எழுதுவதே நமது கருத்து. முன்னவர் வேலையற்றவனைக் கடனில் அமிழ்த்துகிறார்கள். பின்னவர் அவனை வேலைக்கே போகவிடாமல் வீட்டில் உட்கார வைக்கிறார்கள்.

பின்னவரை முதலில் கவனிப்போம். ஐயா, நீங்கள் சொல்லும் அந்தப் பஸ் எங்கே ஓடுகிறது? ரப்பர்த் தோட்டத்தில் லயமும் வேலையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரைக்கு நடந்தே போனோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் விற்கப்பட்டும் போன பின்னர், நம்மவரிற் பலர் பட்டணத்து ஓரங்களில் மலிவு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று வீடு ஓரிடம், தொழிற்சாலை ஓரிடம், பிள்ளையின் தமிழ்ப்பள்ளி மற்றோரிடம். இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவனுக்காக எந்தப் பஸ் காத்து நிற்கிறது? வேலை விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். சொந்த வாகனமும் லைசன்சும் உள்ளவரையே கேட்கும் முதலாளிமார் எத்தனை பேர்! இன்று ஷா ஆலமில் நேர்முகம், நாளை நீலாயில் நேர்முகம் என்று அலைகிறவனுக்கு வண்டி ஆடம்பரப் பொருளன்று. பால்வெட்டுக்காரனுக்குக் கத்தியும் வாளியும் எப்படியோ அப்படியே அதுவும். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு பால் எங்கே என்று கேட்பது எவ்வூர் நியாயம்?

நிற்க. இனி மானத்தின் பெயரால் பேசுவோரிடம் வருவோம்.

முதலாவது, அந்தக் காடி யாருடையது? கிராண்டில் நம் பெயர் இருக்கிறது, மெய்தான். ஆயினும் வாடகைக் கொள்முதல் என்று சட்டம் வைத்திருக்கும் பெயரையே சற்று ஊன்றிக் கவனியுங்கள். கடைசித் தவணை கட்டித் தீரும் வரையில் நாம் வாடகைக்காரர். உடைமைக்காரர் கடன் கொடுத்த வங்கியே. ஒன்பதாண்டுத் தவணையில் எட்டாண்டு கட்டியவனும் அந்நாளில் வாடகைக்காரனே. பிறனுடைய பொருளை வாசலில் நிறுத்தி, அதிலே தன் குலத்தின் மானத்தை ஏற்றி வைத்திருப்பதைக் காட்டிலும் வேடிக்கை வேறுண்டோ?

எனினும் இவ்வுணர்ச்சியை வெறும் பகட்டென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் மாத்திரம் அவர்கள் கோரிக்கைகளல்ல. துரையையோ தோட்ட உத்தியோகஸ்தரையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற கட்டுப்பாடு ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அப்போராட்டத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்களும் போயின. சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதற்கும் சேர்த்து இரத்தம் சிந்திய ஜனங்களின் பேரப்பிள்ளை, காடியிலிருந்து இறங்க மனம் கூசுகிறான் என்றால் அதில் வியப்பென்ன?

ஆனால் அன்று அவர்கள் கேட்டது யாது? இரும்பும் ரப்பரும் சேர்ந்த அந்தச் சைக்கிளையா? அன்று. மனிதனுக்கு மனிதன் கூனிக் குறுகி நிற்க மாட்டேன் என்பதையே கேட்டார்கள். இன்று கூனிக் குறுகி நிற்பவன் யார்? வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுக்க அஞ்சி அதைக் கவிழ்த்து வைப்பவன். இரவில் காடியை மைத்துனன் வீட்டுக் கொல்லையில் மறைத்துவிட்டு விடியுமுன் எடுத்து வருபவன். தெருவில் அன்னியர் இருவர் நின்றால் இழுக்க வந்தவர்களோ என்று திரைச்சீலைக்குப் பின்னால் பதுங்குபவன். வங்கியின் மேசைக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு வேலை போய்விட்டது, என்னால் இவ்வளவுதான் முடியும், நீங்கள் என்ன செய்யக்கூடும்?" என்று கேட்பவனல்லவோ சைக்கிளை விட்டு இறங்காதவன்?

கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். மானத்தைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசும் நம்மவர் ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒருவன் 40,000 வெள்ளிக் கடனில், நூற்றுக்கு மூன்றரை சமவட்டியில், ஒன்பதாண்டுத் தவணைக்குக் காடி எடுத்தானென்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,600 வெள்ளி. ஆக மொத்தம் 52,600. நூற்றெட்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் ஏறக்குறைய 487 வெள்ளி. அவன் சம்பளம் 2,500 வெள்ளி. ஆட்குறைப்பில் வேலை போயிற்று. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலை காப்புறுதித் திட்டம், சொக்சோ மூலம் அவனுக்கு உதவித்தொகை கொடுக்க வகை செய்தது. முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 80, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 என்று அது படிப்படியாக இறங்குமாறு வகுக்கப்பட்டது. அதாவது 2,000 வெள்ளியில் தொடங்கி 750 வெள்ளியில் முடியும். சந்தா கட்டிய காலம் குறைவாயின் மூன்றே மாதத்தோடு நின்றுவிடும். உதவி இறங்குகிறது, தவணை இறங்குகிறதா? ஆறாம் மாதத்திலும் அதே 487. மிச்சம் 263 வெள்ளி. அதில் அரிசி, பால்மாவு, மின்சாரம், அந்தக் காடிக்கே பெட்ரோல்!

(இங்கே ஒரு சொல். "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உனக்கு நல்லது" என்று முதலாளி இனிக்க இனிக்கப் பேசினால் கையெழுத்திடாதேயுங்கள். தானாக விலகியவனுக்கு இவ்வுதவி கிடையாது. வேலை போன அறுபது நாளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதையும் நம்மிற் பலர் அறியாமல் இழந்திருக்கிறார்கள்.)

ஆகவே வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்கவேண்டியது அண்டை வீட்டாரின் கண்ணல்ல, இந்தத் தாள். அந்த வண்டியால் வேலை கிடைக்குமா? மூன்று மாதத்துக்குத் தவணையும் சோறும் இரண்டும் தாங்குமா? தாங்குமானால் வைத்திருக்கட்டும்; வீண் ஓட்டத்தைக் குறைத்து நேர்முகத்துக்கு மாத்திரம் எடுக்கட்டும். தாங்காதென்றால், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அதே வேலைக்குக் கொண்டு சேர்க்கும். மாமன் மகள் கல்யாணத்துக்குக் கொண்டு சேர்க்காதுதான், அதனாலென்ன?

தாங்காததைத் தாங்குவதாக நடிப்பவன் எங்கே போய் விழுகிறான் என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். முதலில் நகை, பிறகு கூட்டு, பிறகு ஆலோங். வங்கியாவது கடிதம் எழுதும். ஆலோங் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவான். இன்னொரு பாதாளம் சம்போங் பாயார் என்பது. "மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், காடியை என்னிடம் கொடு" என்று ஒருவன் வருவான். சொற்பத் தொகையைக் கையில் வைத்து வண்டியை ஓட்டிப் போவான். நாலாம் மாதம் ஆளுமில்லை, வண்டியுமில்லை. கடன் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும். வங்கியை ஏமாற்றும் எண்ணத்தோடு காடியை விற்பதும் அப்புறப்படுத்துவதும் சட்டப்படி குற்றம் என்பதை அறியாமலே நம் இளைஞர் இதில் இறங்குகிறார்கள். ஜாமீன் போட்ட அண்ணனின் கதியோ சொல்லவேண்டியதில்லை.

சரி, சட்டம் வங்கியின் பக்கம்தானே என்பீர்கள். முழுதும் அப்படியல்ல. 1967-ம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் நாம் நினைப்பதைவிட நல்ல பிள்ளை. ஒரு தவணை தவறியதும் இழுத்துக்கொண்டு போக எவருக்கும் அதிகாரமில்லை. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்கவேண்டும். எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது இருபத்தொரு நாள் பொறுக்கவேண்டும். அந்த இருபத்தொரு நாளுக்குள் நாமாகவே காடியைக் கொண்டுபோய் ஒப்படைத்தால், இழுத்த செலவு, நிறுத்திவைத்த செலவு என்று நம் தலையில் கட்ட முடியாது. ரொக்க விலையில் முக்காற் பங்குக்கு மேல் கட்டியாகிவிட்டதென்றால், 2011-ல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, நீதிமன்ற உத்தரவில்லாமல் தொடக்கூடாது. இழுக்க வருபவன் அனுமதிச் சீட்டு வைத்திருக்கவேண்டும். காட்டச் சொல்லிக் கேட்கலாம். இழுத்துப் போன பின்னும் இருபத்தொரு நாள் விற்கக் கூடாது. நிலுவையைக் கட்டி மீட்கலாம், ரொக்கம் தரும் ஆளை நாமே கொண்டுவந்தும் நிறுத்தலாம். இவற்றையெல்லாம் அறிந்தவன் ஏன் பதுங்கவேண்டும்?

இச்சட்டத்தில் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. தவணைக்காரன் இறந்துபோனால், தொடர்ந்து நான்கு தவணை தவறும்வரை வங்கி பொறுக்கவேண்டும் என்று அது இரக்கம் காட்டுகிறது. நன்று. ஆனால் செத்தவனுக்கு நான்கு, வேலை செத்தவனுக்கு இரண்டா? செத்தவன் நேர்முகத்துக்குப் போகப் போவதில்லையே! காடி தேவைப்படுவது உயிரோடிருந்து வேலை தேடுகிறவனுக்கல்லவா? ஆட்குறைப்புக்கு ஆளாகி, சொக்சோவில் பதிந்து, வேலை தேடுவதாக மாதந்தோறும் மெய்ப்பித்துக் காட்டுகிறவனுக்கு அந்த நான்கு தவணைப் பொறுமையை நீட்டினால் என்ன குடி முழுகிவிடும்? 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம், நோய்த்தொற்றுக் காலத்தில், கடன் தவணைகள் நாடெங்கும் ஒத்திவைக்கப்பட்டன. எந்த வங்கி இடிந்து விழுந்தது? ஊரெல்லாம் வேலை இழந்தால் அது தேசத்தின் துன்பம். ஒருவன் இழந்தால் அது அவன் தலைவிதி என்பது மூடநம்பிக்கையின் புதிய வேடமே. நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்கவேண்டிய கேள்வி இது. மாலை மரியாதைகளுக்கு இடையே அவர்களுக்கு நேரமிருந்தால் கேட்கட்டும்.

அதுவரையில் நம் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குப் பெருஞ் செலவில்லை. வங்கிக் கடிதம் மலாயில் வருகிறது. அல்லது ஆங்கிலத்தில் வருகிறது. தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்ற தாயும் தகப்பனும் அதை என்னவென்று காண்பார்கள்? கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஒரு மேசை போட்டு, படித்த இளைஞர் இருவரை உட்காரவைத்து, வரும் கடிதங்களைப் பிரித்துத் தமிழில் சொல்லச் செய்யலாகாதா? வங்கிக்குத் துணை போகலாகாதா? தவணைக் காலத்தை நீட்டிக் கேட்க எழுதித் தரலாகாதா? பாங்க் நெகாரா 2006-ல் ஏற்படுத்திய ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிலையம் காசு வாங்காமல் இவ்வுதவி செய்கிறது. அதன் வாசலையாவது காட்டலாகாதா? தேர் அலங்காரத்துக்கு வசூல் செய்யும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

நாம் அறிந்த வீடொன்றில் மகனுக்கு வேலை போய் மூன்றாம் மாதம் அப்படியொரு கடிதம் வந்தது. மகன் வேலை தேடி ஜோகூர் பக்கம், நண்பன் வண்டியில் போயிருந்தான்; காடி வீட்டு வாசலில் நின்றது. கிழவி கடிதத்தை வாங்கி, ஏதோ பெரிய இடத்துச் சமாசாரம் என்று பயந்து, பிரிக்காமல் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி, நாள்தோறும் அதற்குச் சேர்த்து விபூதி இட்டு வந்தாள். நாம் போய் அதைப் பிரித்துப் படித்தது இருபத்தாறாம் நாள். காடி அதற்கு முந்தின இரவே போயிருந்தது.