எளிமை யாருக்குக் கட்டுப்படியாகும்?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் மே மாத வெயில் காலை பத்து மணிக்கே உச்சந்தலையைச் சுடும். மென்பொருள் நிறுவன வாசல்களில் நிற்கும் செக்யூரிட்டிகள் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தொப்பியும் கறுப்பு ஷூவுமாக வியர்த்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு டையும் உண்டு. அவர்கள் சல்யூட் அடிக்கக் காரிலிருந்து இறங்கும் முதலாளி காலர் இல்லாத டி-ஷர்ட்டில், சில நாள் வெறும் செருப்பில் இருப்பார். நண்பனின் ஷூவை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு நேர்காணலுக்கு வந்திருக்கும் பையன் அந்த இருவரையும் பார்த்தபடி ஓரமாக நிற்பான்.

சம்பளம் குறையக் குறைய உடுப்பின் கெடுபிடி கூடுகிறது. ஒரு காலத்தில் அந்தஸ்தைக் காட்டப் பட்டும் தங்கமும் கைக்கடிகாரமும் வேண்டியிருந்தன. இன்று மேல்தட்டில் எளிமையே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அது எல்லார் உடம்பிலும் எளிமையாகத் தெரிவதில்லை. சிலர்மேல் அது வறுமையாக மட்டுமே தெரிகிறது.

ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இத்தாலியின் மிலான் நகரச் சொகுசுக் கடை ஊழியர்கள், விலையுயர்ந்த மேலங்கியில் வரும் பெண்ணைவிட உடற்பயிற்சி உடையில் வரும் பெண்ணையே பெரிய வாடிக்கையாளராகக் கணித்தார்கள். வழக்கத்தை மீறுகிறவர் தெரிந்தே மீறுகிறார் என்று பார்ப்பவர் நம்பினால்தான் அந்த மதிப்பு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நிபந்தனைதான். 'இவருக்கு வேறு உடை இருக்கிறது, வேண்டாமென்று வந்திருக்கிறார்' என்ற நினைப்பை எதிராளியின் மனதில் எழுப்ப, நம் பெயரோ காரோ ஆங்கிலமோ சாதியோ நமக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் பெங்களூரு ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்துக்குத் தலையில் மூட்டையோடு வந்த முதிய விவசாயி ஒருவருக்கு அப்படி எதுவும் முன்னால் போய்ச் சேரவில்லை. கையில் பயணச்சீட்டு இருந்தது. உடை அழுக்கு என்று நிறுத்திவிட்டார்கள். சக பயணி ஒருவர் வாதாடிய பிறகே அவரால் உள்ளே போக முடிந்தது. அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன், 2014 ஜூலையில், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாதென்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம், தடுப்பவருக்கு ஓராண்டுவரை சிறை. ஆனால் அதற்கு முன்பு திருப்பி அனுப்பப்பட்ட சாதாரண வேட்டிகளுக்காக எந்த அவையும் கூடவில்லை.

உடையைப் பார்த்து ஆளை எடைபோடும் இந்த வழக்கத்துக்கு நம் மண்ணில் பழைய வேர் உண்டு. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859-இல் திருவிதாங்கூர் அரசு சாணார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. ரவிக்கை போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி போர்த்தலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்றது ஆணை. மானத்தை மறைக்கச் சம்மதித்த அரசுக்கு, யார் யாரென்று தெருவில் அடையாளம் தெரியாமல் போவதில்தான் சம்மதமில்லை.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளின்மேல் அவருக்கு இருந்த உண்மையான பரிவு அது. 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அந்த உடையிலேயே போனார். அங்கே அம்பேத்கர் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். துறப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நல்ல துணி உடுத்தினாலே அடி விழும் ஊர்களிலிருந்து வந்த மக்களுக்காகப் பேசியவர் கோட்டைக் கழற்றிவைத்திருந்தால், அதை எவரும் துறவு என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

அதனால்தான், 'எளிமையாக இருங்கள்' என்று இளைஞர்களுக்கு மேடையில் சொல்லப்படும் அறிவுரை எனக்கு ஒப்பவில்லை. டி-ஷர்ட் முதலாளிகள் முதலில் செய்யக்கூடியது, வாசலில் நிற்பவருக்கு வெயிலுக்கேற்ற அரைக்கைப் பருத்திச் சட்டை கொடுப்பது. நேர்காணலுக்கு எந்த உடையும் சரி என்று அழைப்பிலேயே எழுதுவது அடுத்தது.

என் அப்பா விவசாயி. ஒருமுறை வயலிலிருந்து அப்படியே நகைக்கடன் திருப்பப் போனவரை, கவுன்ட்டரில் இருந்தவர் "அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் முந்தின இரவே செம்பில் கங்கு போட்டுச் சட்டையைத் தேய்த்துவைப்பார். நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் கசங்கிய சட்டையும் ரப்பர் செருப்புமாக ஊரில் போய் இறங்கினேன். "இப்படியேவாப்பா பஸ்ல வந்த?" என்று கேட்டார். மறுநாள் காலை அவரோடு நானும் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. எழுந்து பார்த்தபோது அவர் சட்டைக்குப் பக்கத்தில் என் சட்டையும் தேய்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.