மாதாமாதம் ரீடிங் எடுத்தால் கரண்ட் பில் குறையுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்



மூன்று நாட்களாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி சுற்றுகிறது. "ஸ்மார்ட் மீட்டர் வருகிறது, இனி மாதாமாதம் ரீடிங், கரண்ட் பில் பாதியாகக் குறையும்." கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். என்னிடம் படித்த இரண்டு பேரும் அதையே எனக்கு அனுப்பி, "டீச்சர், நல்ல செய்தி" என்று போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே கோபம் அவர்கள் மேல் வரவில்லை, என் மேலேயே வந்தது.

கண்ணுகளா, கைதட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? ரீடிங் மாதாமாதம் என்றால், ஸ்லாப் என்ன ஆகும்?

2024 ஜூலைக் கட்டணத்தில் நமக்கு இலவசமான 100 யூனிட் இரண்டு மாதத்துக்கு. 200, 400, 500 என்ற படிகளும் இரண்டு மாதக் கணக்குக்குத்தான். மாதக் கணக்கு வரும்போது இந்தப் படிகளை அப்படியே வைப்பார்களா, பாதியாக்குவார்களா? அந்தச் செய்தியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பில் ஏறுவதும் இறங்குவதும் இதில்தான் இருக்கிறது.

என் வீட்டை வைத்தே கணக்குப் போடுகிறேன். ஏப்ரலில் நான் தனியாக இருந்தேன், 130 யூனிட். மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஏசி, மோட்டார், நாள் முழுக்க டிவி, 350 யூனிட். மொத்தம் 480. 2024 ஜூலையில் நிர்ணயித்த வீட்டுக் கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 ரூபாய் வீதம் 235, அடுத்த 200-க்கு 4.70 வீதம் 940, மீதி 80-க்கு 6.30 வீதம் 504. ஆக 1,679 ரூபாய்.

படிகளை அப்படியே வைத்துக்கொண்டு மாதக் கணக்கு எடுத்தால், ஏப்ரலுக்கு 70.50, மே மாதத்துக்கு 940. மொத்தம் 1,010.50. வாட்ஸ்அப் செய்தி சொல்வது இந்தக் கணக்கை. இது நடந்தால் நானும் கைதட்டுவேன்.

படிகளைப் பாதியாக்கினால்? 50 யூனிட் இலவசம், 250-ஐத் தாண்டினால் மேல் அட்டவணை. ஏப்ரலுக்கு 258.50. மே மாதம் 350 யூனிட், 250-ஐத் தாண்டிவிட்டது. 2.35 ரூபாய்ப் படியே கிடையாது, 9.45 ரூபாய்ப் படி வரைக்கும் ஏற வேண்டும். 1,912.50. மொத்தம் 2,171 ரூபாய். அதே வீடு, அதே மீட்டர், அதே 480 யூனிட். 492 ரூபாய் அதிகம்.

இரண்டு மாதமும் ஒரே அளவு செலவழிக்கும் வீட்டுக்கு வித்தியாசம் வராது. 500-ஐ ஒட்டி நிற்கும் சில வீடுகளுக்குச் சிறிது குறையவும் செய்யும். (500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048.40. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! இந்தக் கொடுமையைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போட வேண்டும்.) ஆனால் ஒரு மாதம் பூட்டிக் கிடந்து மறு மாதம் நிறைந்திருக்கும் வீடுகள்தான் நம் பக்கத்தில் அதிகம். கோடை விடுமுறை, பிரசவத்துக்கு வந்த மகள், ஊர்த் திருவிழா. அங்கெல்லாம் பில் ஏறும்.

மாதக் கணக்கு என்பது 2021 தேர்தலில் வாக்குறுதியாகவே வந்தது. வாக்குறுதி கொடுத்தவர்களையும் சரி, அதை நிறைவேற்றச் சொல்லிக் கூச்சல் போட்டவர்களையும் சரி, படியைப் பற்றி யாராவது எழுத்தில் கேட்டார்களா?

அடுத்தது, நேரத்துக்கு ஒரு கட்டணம். மத்திய அரசு 2023 ஜூன் மாதம் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குப் பகல் வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் என்று அதில் இருக்கிறது. விவசாயத்துக்கு மட்டும் விலக்கு. பக்கத்தில் கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு மாலை 6 மணி முதல் 10 மணி வரை கூடுதல் கட்டணம் வந்தேவிட்டது.

இதற்குச் சொல்லும் காரணம் பொய்யில்லை. பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது, இருட்டியதும் அது நின்றுவிடுகிறது, அப்போது விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. சரி. ஆனால் பகலில் வீட்டில் இருப்பது யார்? நான். பென்ஷன்காரி. பதினொரு மணிக்கு மாவு ஆட்டுவேன், பன்னிரண்டு மணிக்குத் துணி துவைக்கும் மெஷினைப் போடுவேன். எனக்கு லாபம். எதிர்வீட்டுப் பெண் காலை ஏழரைக்கு பனியன் கம்பெனி வேனில் ஏறினால் இறங்குவதற்கு இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு கிரைண்டர், மிக்சி, தண்ணீர் மோட்டார், பிள்ளையின் யூனிபார்முக்கு அயர்ன் பாக்ஸ் எல்லாம். நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் பிள்ளை படிக்கும் நேரமும் அந்த ஆறு முதல் பத்துதான். "சாயங்காலம் விளக்கு வைத்ததும் புத்தகத்தை எடு" என்று வருஷக்கணக்காக வகுப்பில் சொன்னவள் நான்.

"அரசு மானியம் கொடுக்கும் அத்தை, ஏன் கவலைப்படுகிறீர்கள்" என்கிறான் என் அண்ணன் மகன். தம்பி, கேஸ் சிலிண்டரை மறந்துவிட்டாயா? முதலில் முழு விலை கொடுத்து வாங்குங்கள், மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்று 2015 ஜனவரியில் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். வந்தது. பாஸ்புக்கில் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். 2020 நடுவில் நம்மைப் போன்ற சாதாரண இணைப்புகளுக்கு அது நின்றுபோனது. நிறுத்தினோம் என்று வாசலில் வந்து யாரும் சொல்லவில்லை. அதே 2020-ல் மின்சாரத்துக்கும் இப்படி மானியத்தைக் கணக்கில் போடலாம் என்று ஒரு மசோதா வரைவு வந்தது. டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் எதிர்த்தவற்றில் அதுவும் ஒன்று.

ஸ்மார்ட் மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடு பூட்டியிருந்தால் ரீடிங் எடுக்க முடியாமல் போவது, அட்டையில் ஒரு எண்ணும் பில்லில் வேறு எண்ணும் வருவது, இதெல்லாம் தீரும் என்றால் வரட்டும். மீட்டரோடு சேர்ந்து வரும் விதியைப் படிக்காமல் கைதட்டாதீர்கள் என்கிறேன்.

கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 செப்டம்பரில் போட்ட உத்தரவு 2026-27 வரைக்கும்தான். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று வந்தாக வேண்டும். வருவதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்பார்கள். 2022-ல் கோவை, மதுரை, சென்னையில் கூட்டம் நடத்தினார்கள். மற்ற நாட்களில் பில்லைத் திட்டும் நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் கோவைக் கூட்டத்துக்குப் போனோம்? நானும் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். இதே கோவையில் 1972-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஊரையே முடக்கினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. நம்மிடம் இப்போது வண்டியும் இல்லை மாடும் இல்லை, ஒரு கடிதமாவது எழுதலாம்.

கடிதத்தில் மூன்று கேட்கப் போகிறேன். மாதக் கணக்கு வந்தால் 100 யூனிட் இலவசம் மாதத்துக்கு 100 ஆகவே இருக்க வேண்டும், மற்ற படிகளும் பாதியாகக் கூடாது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மாலை நேரக் கூடுதல் கட்டணம் கூடாது. ப்ரீபெய்ட் முறையை யார் வீட்டிலும் கட்டாயப்படுத்தக் கூடாது, காசு தீர்ந்த ராத்திரியில் குழந்தை இருக்கும் வீடு இருட்டில் கிடக்கக் கூடாது.

கடிதத்தை நாளை இங்கேயே பதிவிடுகிறேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மீட்டரை இன்றும் அடுத்த மாதம் இதே தேதியிலும் பார்த்து, மாதம் எத்தனை யூனிட் என்று கமெண்டில் போடுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். மூன்று விதமாகவும் கணக்குப் போட்டுத் தருகிறேன். யார் வீட்டில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அதையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புவோம்.